தொழிலாளர்களை ஆராய்ந்தவரின் ட்ரங்குப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

பீடி, பஞ்சாலை, தீப்பெட்டி, உப்பளம், தேயிலை என்று நெல்லைச் சீமையின் உழைப்பாளிகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்கள், அவர்களுக்காக லேபர் ஆபீஸிலும் கோர்ட்டிலும் வாதாடியவர்கள் பலர். அவர்கள் காலத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டியும் இரண்டு மூன்று ஆல்பங்களும் மிஞ்சுகின்றன. அந்தப் படங்களை எப்படிக் காப்பாற்றுவது, யார் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பெரியப்பா ஆலைத் தொழிலாளர்களையும் பீடித் தொழிலாளர்களையும் பற்றி வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்தவர். அவர் பெட்டியில் ஐந்நூறு படங்கள் போல இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, மறியல், சங்க மாநாடு எல்லாம் கலந்து கிடக்கிறது. குடும்பப் படங்களைத் தனியாகவும் போராட்டப் படங்களைத் தனியாகவும் பிரித்து அடுக்கலாமா?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பிரிக்காதீர்கள். இந்த வேலையில் முதலில் நடக்கிற தவறே அதுதான். பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்க வழியே இல்லை.

படங்கள் கிடக்கிற வரிசையே ஒரு சாட்சி. ஸ்டூடியோ கவர் ஒன்றில் 36 படங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் நாலு பேத்தியின் பிறந்தநாள், அடுத்த இருபது கம்பெனி வாசலில் மறியல், கடைசியில் பாபநாசம் படித்துறை. மூன்றும் ஒரே ரோலில் எடுத்தவை. பேத்தியின் பிறந்த தேதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; மறியல் எந்த வாரம் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். பிறந்தநாள் படத்தை உருவி வேறு ஆல்பத்தில் வைத்தால் அந்த மறியலுக்குத் தேதியே இல்லாமல் போகும்.

முதலில் பெட்டியைத் திறந்தபடி மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வோர் அடுக்கை எடுக்கும்போதும் மறுபடி ஒன்று. பிறகு ஒவ்வொரு கட்டுக்கும், கவருக்கும், ஆல்பத்துக்கும் 01, 02 என்று எண் கொடுங்கள். அதற்குள் இருக்கிற படங்களுக்கு 001, 002. நாலாவது கவரின் பன்னிரண்டாவது படம் 04-012. அதன் முன்பக்கம் 04-012-1, பின்பக்கம் 04-012-2. கோப்புப் பெயரும் இதுவேதான். ஊர், ஆள், ஆண்டு எதையும் கோப்புப் பெயரில் எழுத வேண்டாம். ஆண்டு தவறென்று பின்னால் தெரியவரும், பெயரை மாற்றுவீர்கள், அதற்குள் பழைய பெயரில் நாலு பேரிடம் பிரதி போயிருக்கும். விவரம் அத்தனையும் ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ எண்ணுக்கு நேரே இருக்கட்டும். தமிழில் தட்டச்சு செய்வதென்றால் யூனிகோடில் மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் வேறொரு கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும்.

ரப்பர் பேண்டுகளைக் கழற்றி எறியுங்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளியை அரிக்கும். பட்டையாகப் பழுப்புக் கோடு விழும். குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆனால் எந்தத் துண்டுச்சீட்டு எந்தப் படத்தோடு குத்தியிருந்தது என்று எழுதிய பிறகே எடுக்க வேண்டும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, படத்தின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு இந்த வேலைக்கு உட்காரக் கூடாது.

படத்தின் பின்னால் பெயர் எழுதலாமா? எதால் எழுதுவது?
— வாசகி, வீரவநல்லூர்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்பக்கம் வெறும் காகிதம்தான். 2பி அல்லது 4பி பென்சிலால், ஓரத்தில், எண்ணை மட்டும் லேசாக எழுதலாம். கண்ணாடியையோ வழவழப்பான பலகையையோ கீழே வைத்து, படத்தைக் கவிழ்த்து, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். ஸ்கெட்ச் பேனா மையும் கூடாது. அடுக்கி வைத்தால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும்.

கலர் படங்களின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. பென்சில் ஏறாது. அவற்றை ஒவ்வொன்றாகத் தாள் உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். படத்தை உள்ளே வைப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

பின்னால் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால், தப்பும் தவறுமாக இருந்தாலும், அழிக்காதீர்கள். அது அவர் கையெழுத்து.

ஒட்டும் ஆல்பத்தில் படங்கள் பசையோடு இறுகிவிட்டன. பிய்க்கப் போனால் கிழிகிறது.
— வாசகர், பாளையங்கோட்டை

மேலே பிளாஸ்டிக் தாள், கீழே பசைக்கோடு போட்ட அட்டை உள்ள ஆல்பம்தானே? 1980-களில் வீட்டுக்கு வீடு இருந்தது. நம் ஊர் வெயிலில் அந்தப் பசை முதலில் இளகி, பிறகு இறுகி, மஞ்சளாகப் படத்துக்குள் இறங்கும்.

எதையும் தொடுவதற்கு முன் பக்கத்தை முழுதாகப் படம் எடுங்கள். பிளாஸ்டிக்கை மெதுவாக உரியுங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் நூல் மருந்துக்கடையில் கிடைக்கும். மெழுகு பூசாததாக வாங்குங்கள். அதை ஒரு முழம் எடுத்து இரண்டு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலையில் நுழைத்து, அட்டைக்குச் சமாந்தரமாக அறுப்பதுபோல் இழுத்துக்கொண்டே வாருங்கள். படத்தை வளைத்துத் தூக்கக் கூடாது. வளைத்தால் மேல்பூச்சு வெடிக்கும். முக்கால்வாசி வந்து நின்றுவிட்டால் அங்கேயே விட்டு, அட்டையைப் படத்தைச் சுற்றி வெட்டி எடுத்து வையுங்கள். பின்னால் அட்டை ஒட்டியிருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சூடு காட்டுவது, தண்ணீர் தடவுவது, பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆறு வந்துவிட்டது. உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்த மாமாவின் படங்கள் அப்போது நனைந்து, காய்ந்து, ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், ஏரல்

சிலவற்றைக் காப்பாற்றலாம், எல்லாவற்றையும் அல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஏரலில் தண்ணீரோடு சேறும் ஏறியது. சேறுதான் பெரிய எதிரி.

கட்டியின் மேல் தெரிகிற படத்தை முதலில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கையில் நிச்சயமாக இருப்பது அது ஒன்றுதான். பிறகு, அவை பழைய முறையில் லேபில் கழுவிய படங்களா, பின்னாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தவையா என்று பாருங்கள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் இங்க்ஜெட் மை கலங்கும். அதை நனைக்கவே கூடாது. லேப் படம் என்றால், அகலமான பிளாஸ்டிக் தட்டில் வடிகட்டிய குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கட்டியை அப்படியே அரை மணி நேரம் மூழ்க விடுங்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். அது தண்ணீரை வாங்கிப் பொதபொதவென்று ஆகும். அப்போது படங்கள் தாமாகவே விலகத் தொடங்கும். விலகாவிட்டால் தண்ணீரை மாற்றி இன்னும் அரை மணி. விரல் நகத்தால் நெம்பினால் முகம் அடுத்த படத்தின் முதுகோடு போய்விடும்.

பூஞ்சாணம் பிடித்த படத்தில் ஜெலட்டின் ஏற்கெனவே செரித்துப்போயிருக்கும். தண்ணீரில் போட்டால் உருவம் கரைந்து ஓடும். வெள்ளைப் புள்ளியும் பஞ்சு போன்ற படலமும் தெரிகிற கட்டியை நனைக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள்.

பிரிந்த படத்தைச் சுத்தமான தண்ணீரில் ஒரு அலசு அலசி, படம் மேலே பார்க்க, பழைய வேட்டித் துணிமேல் நிழலில் காயவிடுங்கள். முகத்தின் மேல் துணி படக் கூடாது. வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. காய்ந்ததும் சுருண்டுகொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தின் அடியில் ஒரு வாரம் கிடத்துங்கள்.

இனி எங்காவது வெள்ளம் வந்தால் நினைவிருக்கட்டும்: நனைந்த ஆல்பம் காயும்போதுதான் ஒட்டுகிறது. ஈரம் இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சாணம் வந்துவிடும். அதற்குள் முடியாதென்றால், நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

படங்களின் பின்னால் ஒரு எழுத்து இல்லை. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தென்காசி

முகத்தையும் மீசையையும் சட்டைக் காலரையும் வைத்து ஊகிக்காதீர்கள். சுவரையும் துணியையும் வண்டியையும் பாருங்கள். தொழிற்சங்கப் படங்களில் ஒரு வசதி உண்டு: எங்கே பார்த்தாலும் பேனர், சுவரெழுத்து, நோட்டீஸ் இருக்கும்.

சங்கத்தின் பெயரில் தொடங்குங்கள். பேனரில் சிஐடியு என்று இருந்தால் 1970-க்கு முன்னால் போகாது. ஐஎன்டியுசி என்றால் 1947-க்கு முன்னால் இல்லை. ஏஐடியுசி 1920-லிருந்தே இருப்பதால் அது மட்டும் தெரிந்து பயனில்லை. அரசு அலுவலகப் பலகையில் ‘தமிழ்நாடு’ என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பிறகு. ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்றோ ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்றோ தெரிந்தால் உங்களுக்கு நல்ல காலம். தூத்துக்குடி, சிதம்பரனார் பெயரில் தனி மாவட்டமானது 1986-ல். மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர் பெயர்கள் எடுக்கப்பட்டது 1997-ல். படம் அந்த இடைவெளியில் விழுகிறது. பேருந்தில் ‘கட்டபொம்மன்’ என்று எழுதியிருந்தாலும் 1997-க்கு முந்தியது. டிஎன் 72, டிஎன் 69 என்று நம்பர் பிளேட் இருந்தால் 1989-க்குப் பிந்தியது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் தெரிந்தால் 1973-க்குப் பிறகு. ஸ்டூடியோ முத்திரையில் 627 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு.

அடுத்தது எழுத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. அதற்கு முன் லை, னை, ளை, ணை எழுத்துகளுக்குத் தும்பிக்கை தூக்கினாற்போல ஒரு வளைவு மேலே ஏறும். ‘வேலை நிறுத்தம்’ என்ற சொல் எல்லாச் சுவரிலும் இருக்கும், அந்த ‘லை’யைப் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. புதிய வடிவம் இருந்தால் பெரும்பாலும் 1978-க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். பழைய வடிவம் இருப்பதால் முந்தியது என்று கொள்ள முடியாது. பெயின்டர் கை பழகிய எழுத்து அரசாணையால் ஒரே நாளில் மாறிவிடாது. பத்து வருஷம் பிந்தியும் பழைய ‘லை’ எழுதியிருக்கிறார்கள்.

பிறகு படத்தின் உடம்பு. சிறிய சதுரப் படம் என்றால் 120 ஃபிலிம் பெட்டிக் கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம். ஃபிலிம் ஓரத்திலோ காகிதத்தின் முதுகிலோ ‘இந்து’ என்று இருந்தால் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் சரக்கு. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-ல். கலர் படம் முழுக்கச் செவசெவ என்று ஆகியிருந்தால் பெரும்பாலும் 70-களோ 80-களின் தொடக்கமோ. அந்தக் காலத்துக் காகிதத்தில் நீலச் சாயம் இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் முதலில் மங்கும்.

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தால் அதை நம்பி உட்காராதீர்கள். பேட்டரி மாற்றினால் அந்தக் கேமராக்களின் தேதி தொடக்கத்துக்குப் போய்விடும்; பலர் சரிசெய்ததே இல்லை.

நோட்டில் எழுதும்போது ‘1983’ என்று மட்டும் எழுதாமல் ‘1978–1997, புதிய லை, பேருந்தில் கட்டபொம்மன்’ என்று காரணத்தோடு எழுதுங்கள். நாளை வேறொருவர் வந்து இன்னும் குறுக்க முடியும்.

ஆச்சி பீடி சுற்றியவர். ஓர் ஆய்வாளர் எங்கள் தெருவில் எடுத்த குழுப் படத்தில் அவரும் இருக்கிறார். ஆனால் அந்த ஆய்வாளர் வீட்டில் இருக்கும் பட்டியலில் ‘பீடித் தொழிலாளர்களுடன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெயர்களைச் சேர்க்கச் சொல்லலாமா?
— வாசகி, முக்கூடல்

கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தச் சேகரிப்புகளில் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருகிற குறை இதுதான். நடுவில் நிற்கிற ஆய்வாளரின் பெயர் எல்லாப் படத்திலும் இருக்கும். அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்கள் ‘தொழிலாளர்கள்’, ‘பெண்கள் சிலர்’ என்று ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள். அவரை அடையாளம் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. உங்கள் ஆச்சியை அடையாளம் சொல்ல அந்தத் தெருவில் நாலைந்து பேர்தான் மிச்சம். எனவே வேலையை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

அசல் படத்தைத் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏ4 அளவில் பெரிதாக்கி ஒரு பிரிண்ட் எடுங்கள். அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, ஒவ்வொரு தலையையும் கோடாக வரைந்து, பின்வரிசை இடமிருந்து வலம், பிறகு முன்வரிசை என்று எண் போடுங்கள். தரையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவருக்கும்கூட எண் வேண்டும். பெரியவர்களிடம் ஒவ்வொருவராகத் தனித்தனியே காட்டிக் கேளுங்கள். ஐந்து பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் குரல் பெரிய ஒருவர் சொல்வதையே மற்றவர்களும் ஒப்புக்கொள்வார்கள். யார், எந்தத் தேதியில், எந்த எண்ணை யார் என்று சொன்னார் என்று எழுதுங்கள். இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டும் இருக்கட்டும். வீட்டுப் பெயர், பட்டப்பெயர், கல்யாணமாகிப் போன ஊர் எல்லாம் கேளுங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள்.

தெருவை வைத்தோ ஊரை வைத்தோ சாதி இன்னதென்று நீங்களாக எழுதாதீர்கள். நம் பக்கத்தில் அது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வாளர் தம் குறிப்பில் எழுதியிருந்தால் அது அவர் குறிப்பாக அங்கேயே இருக்கட்டும், படவிளக்கத்துக்கு வர வேண்டாம்.

ஆள் பெயரோடு நிறுத்தாமல் கையில் இருப்பதையும் எழுதச் சொல்லுங்கள். திண்ணையில் ஒரு பெண் மடியில் சுளகு (முறம்) வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், சுளகில் நனைத்த இலை, வெட்டிய இலை, புகையிலைத் தூள், கத்தரி, இலையை அளந்து வெட்டும் தகடு, நூல் கண்டு என்று ஒவ்வொன்றும் தெரியும். நூலின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கலர் படமாக இருந்தால் எந்தக் கம்பெனிக்குச் சுற்றினார் என்பதை அந்த நூலே சொல்லிவிடக்கூடும், உங்கள் தெருப் பெண்களால் பார்த்தவுடன் சொல்ல முடியும். பக்கத்தில் கிடக்கும் பாஸ் புத்தகம், கட்டுகளை அடுக்கிய தட்டு, சுற்றப் பழகும் சிறுமி, எல்லாம் விவரம்தான். பீடித் தொழிலாளர் சட்டம் 1966-ல் வந்தது. அதை வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களுக்குக் கிடைக்கச் செய்வதில் நடந்த பல வழக்குகள், இவர் இந்தக் கம்பெனிக்குத்தான் வேலை செய்தார் என்று காட்டுவதில்தான் நின்றன. அப்படிப்பட்ட வழக்குக்காக எடுத்த படமாகவும் அது இருக்கலாம்.

படங்களை ஸ்கேன் செய்ய ஸ்டூடியோவில் கேட்டேன். 300 போதும், அப்படியே ‘டச்’ செய்து பளிச்சென்று தருகிறேன் என்கிறார். சரியா?
— வாசகர், வள்ளியூர்

அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ), அதே அளவில் திரும்ப அச்சடிக்கத்தான் போதும். பேனரில் இருக்கும் எழுத்தைப் படிக்கவும் பின்வரிசை முகத்தைப் பார்க்கவும் 600 வேண்டும். பாஸ்போர்ட் சைஸ், சிறு சதுரப் படங்களுக்கு 1200. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3200. கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மைக்கறை, பழுப்பு, பென்சில் குறி எல்லாம் தனியாகத் தெரியும். கோப்பு டிஃப் (TIFF) வடிவில் வேண்டும். சுருக்கிய ஜேபெக் (JPEG) பிரதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மேக்ஸி சைஸ், அதாவது 6க்கு 4 அங்குலப் படம், 600-ல் டிஃபாக ஏறக்குறைய 26 எம்பி வரும். ஐந்நூறு படத்துக்கு 13 ஜிபி. பின்பக்கங்களை 300-ல் எடுத்தால் இன்னும் 3 ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாகுமென்ட்’ என்று அனுப்ப வேண்டும்.

ஸ்கேனரில் தானாக நிறம் திருத்துவது, தூசி நீக்குவது, கூர்மையாக்குவது எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடிக்கும் வசதி கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வேலை செய்யாது. வெள்ளியையே தூசியென்று நினைத்து உருவத்தை அழிக்கும்.

‘டச்’ வேண்டாம். இப்போது கைப்பேசிச் செயலிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன. அவை தெளிவாக்குவதில்லை, புதிதாக ஒரு முகத்தை வரைகின்றன. ஊர்வலத்தின் கடைசி வரிசையில் நிற்கிற ஒரு மனிதருக்கு உலகத்தில் எங்குமே இல்லாத ஒருவரின் கண்ணும் மூக்கும் வந்துவிடும். அவர் பேரன் அதைச் சட்டம் போட்டு மாட்டுவார். மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும்.

சந்தனமும் குங்குமமும் வைத்துச் சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. கழற்றலாமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

கழற்றாதீர்கள். பின்பலகையை எடுத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். வெளிப்பக்கச் சந்தனத்தை ஈரத் துணியால் துடைக்கலாம். தண்ணீர் ஓரம் வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதியை மாட்டிவிட்டு அசலைப் பத்திரப்படுத்துங்கள். இனி மாட்டும் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓர் அட்டைச் சட்டம் வைக்கச் சொன்னால் ஒட்டாது.

நெகட்டிவ் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கிறது.
— வாசகர், கடையநல்லூர்

அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வருகிற வினிகர் வாடை. மற்றவற்றுக்கும் தொற்றும். உடனே தனியாகப் பிரித்து, டப்பாவையும் பிளாஸ்டிக் உறையையும் எறிந்துவிட்டு, தாள் உறைகளில் போடுங்கள். நின்றுவிடாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். ஆகவே ஸ்கேன் செய்வதில் இதற்கே முதலிடம். ஃப்ரிட்ஜில் வைப்பதானால் இரண்டு ஜிப் பைக்குள் வைத்து, வெளியே எடுத்ததும் ஓர் இரவு திறக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால் வியர்க்கும். பரண்மேல் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். ஓட்டுச் சூடு அங்கேதான் தங்கும். அந்துருண்டையும் வேண்டாம்.

தீப்பெட்டி ஆபீஸில் குழந்தைகள் வேலை பார்க்கும் படங்கள், ஆய்வுக்காக 1980-களில் எடுத்தவை, எங்களிடம் உள்ளன. கண்காட்சி வைக்க நினைக்கிறோம்.
— வாசகர், கோவில்பட்டி

அந்தக் குழந்தைகளுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். பலர் பக்கத்து ஊரிலேயே இருப்பார்கள். முகம் தெரிகிற படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பெயரோடு வைக்காதீர்கள். ஊர்ப் பெயரை மட்டும் போட்டாலும் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தேடிப் போய்ப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும், குச்சி அடுக்கும் கட்டையை மட்டும் காட்டுகிற படங்களைத் தேர்ந்தெடுங்கள். சம்மதித்தவருக்கு நல்ல பிரிண்ட் ஒன்று கொடுங்கள்; அந்த வயதில் எடுத்த வேறு படமே அவரிடம் இல்லாமல் இருக்கலாம். அடையாள அட்டை, பாஸ் புத்தகம் தெரிகிற படங்களில் எண்களை மறைத்த பிரதியைத்தான் வெளியில் வைக்க வேண்டும்.

1999 ஜூலை 23 அன்று எடுத்த படங்கள் சில என் அண்ணனிடம் உண்டு. அவற்றை என்ன செய்வது?
— வாசகர், மணிமுத்தாறு

மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் கலைக்கப்பட்டு 17 பேர் இறந்த நாள் அது. அந்த நாளின் படங்களில் நெகட்டிவ்தான் உயிர். துண்டு போட்டிருந்தால் ஃபிலிம் ஓரத்து எண் வரிசைப்படி அடுக்கி, வரிசை மாறாமல் முழு ரோலையும் ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றுமே தெரியாத ஃப்ரேமையும் சேர்த்து. எதையும் வெட்டிச் சுருக்காதீர்கள். எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே, எந்தக் கரையில், பாலத்துக்கு எந்தப் பக்கம், எந்தத் திசை பார்த்து நின்றார், கேமரா எது, கழுவியது எங்கே என்று தேதியிட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இறந்தவர்கள், அடிபட்டவர்கள் தெரிகிற படங்களை அவர்கள் குடும்பத்துக்கு முதலில் சொல்லாமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்படியென்றால் உரிமையும் எங்களுடையதுதானே?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

காகிதம் உங்களுடையது. பதிப்புரிமை, பொதுவாக, எடுத்தவருடையது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவருடையது. பத்திரிகைப் புகைப்படக்காரர் வேலையாக எடுத்ததென்றால் பத்திரிகையைக் கேட்க வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் பாதுகாப்பு. ஆகவே நோட்டில் ‘எடுத்தவர்’ என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஆய்வாளரே நடுவில் நிற்கிறார் என்றால் கேமரா வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது.

கடைசியில் யாரிடம் கொடுப்பது?
— வாசகி, மேலப்பாளையம்

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தொழிலாளர் வரலாற்றுக்கென்றே நொய்டாவில் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தில் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகம் 1998 முதல் இருக்கிறது. பக்கத்திலேயே வேண்டுமென்றால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துறைகளையும் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தையும் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் கருத்தில், அசல் எங்கே போனாலும் டிஜிட்டல் பிரதி ஒன்று நெல்லைப் பக்கத்தில் இருக்க வேண்டும். படத்தில் இருக்கும் பீடிக்காரப் பெண்ணின் மகள் நொய்டாவுக்குப் போய்ப் பார்க்க முடியாது.

கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: அடுக்கு கலையாமல் ஒரே சேகரிப்பாக வைப்பார்களா, ஏசி அறை உண்டா, ஸ்கேன் செய்த கோப்பின் முழுப் பிரதியை உங்களுக்குத் தருவார்களா, படத்தில் இருப்பவர் வந்து கேட்டால் பிரிண்ட் கொடுப்பார்களா, சில படங்களை இத்தனை ஆண்டு வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட முடியுமா. பதில்களை எழுத்தில் வாங்குங்கள். ‘ஒரு பெட்டி புகைப்படம்’ என்று ரசீது தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்வாரியான பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு தாளிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த டிரேசிங் தாள்களையும் கூடவே கொடுத்துவிடுங்கள். அவற்றைப் பட்டியலில் தனி எண்ணாகச் சேர்க்க வேண்டும்.